மக்காண்டா கலைவிழா: சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

முதலில் இந்த விழாவுக்கு எங்கள் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறோம். பெரியவர்களுக்கு ஐந்துக்கு நாலரை. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு நாலு. நாலு முதல் ஏழு வயதுவரை, பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மூன்றரை, கிடைத்ததற்கு டிக்கெட் எடுத்தால் ஒன்றரை. மூன்று வயதுக்கும் கீழே என்றால் அந்தப் பிள்ளைக்காகவே இவ்வளவு தூரம் வர வேண்டாம். அண்ணன் அக்காவோடு ஒட்டிக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.

நேஷனல் ஆர்ட்ஸ் ஃபெஸ்டிவல் 1974இல் தொடங்கியது, 2024இல் ஐம்பது ஆண்டு நிறைந்தது. ஊர், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்து மக்காண்டா. 2018இல் பெயர் மாறியும் நம் பெரியவர்கள் வாயில் இன்னும் கிரஹாம்ஸ்டவுன்தான். ஜூன் பிற்பகுதியில் தொடங்கிச் சுமார் 11 நாள் நடக்கிறது. குளிர்காலப் பள்ளி விடுமுறையை ஒட்டி வருவதால் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்ற டர்பன் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஆசைக்குக் குறைவைக்காத விழாதான். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே தவறுகிறார்கள். கதை என்ன, யார் நடிக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மணி. அடுத்தது மண்டபம். கதை மூன்றாவது.

காரணம் புரிய நம் கோயில் கூத்தை நினைத்துப் பாருங்கள். இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் பெற்ற தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். பிள்ளை ஆயாவின் மடியில் தூங்கும், கட்டியங்காரன் சத்தம் கேட்டால் எழுந்து சிரிக்கும், நடுவில் ஓடும், வடை கேட்கும், மறுபடியும் பாயில் சுருண்டுகொள்ளும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மண்டப நாடகத்தில் இது ஒன்றும் நடக்காது. பெரும்பாலும் 60 நிமிடம், முழு இருட்டு, தாமதமாக வந்தால் கதவு திறப்பதில்லை. எட்டு மணி நேரக் கூத்தைத் தாங்கிய பிள்ளை இந்த ஒரு மணி நேரத்தைத் தாங்காமல் போவது அதனால்தான். உட்கார முடியாத பிள்ளை என்று அதைக் குறை சொல்லாதீர்கள்.

நிரல் இரண்டு பங்காக இருக்கும். மெயின் என்பது விழா நடத்துபவர்கள் தேர்ந்தெடுத்து வரவழைப்பது. ஃபிரிஞ்ச் என்பது பதிவுக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் மேடையேறும் திறந்த பகுதி. பிள்ளைகளுக்கானவை அதிகம் ஃபிரிஞ்சில்தான், ‘ஃபேமிலி ஃபேர்’ என்ற தலைப்பின் கீழ் கிடைக்கும். மாயாஜாலத்துக்கு ‘இல்யூஷன்’ என்று தனிப் பிரிவு. ஃபிரிஞ்சில் வயது வரம்பைக் குழுவினரே எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. வயதுக்குப் பக்கத்தில் எல், வி, எஸ், என், பி என்று எழுத்துகள் இருக்கும்: கெட்ட பேச்சு, வன்முறை, பாலியல், நிர்வாணம், இனம், மதம் போன்றவை பற்றிய வெறுப்பு, இதே வரிசையில். இந்த எழுத்துகளை நம்பலாம், அதை விட்டு எழுதினால் குழுவுக்குத்தான் புகார் வரும். நம்ப முடியாதது ‘எல்லா வயதினருக்கும்’ என்ற வரி. அதற்கு அர்த்தம், தடை ஒன்றும் இல்லை என்பது மட்டுமே. செல்லோ கச்சேரிக்கும் எல்லா வயதினரும் வரலாம். நாலு வயதுப் பிள்ளை பதினைந்தாவது நிமிடத்தில் நாற்காலியின் அடியில் இருக்கும்.

உண்மையில் பிள்ளைகளுக்காகச் செய்தவர்கள் கீழ் வயதையும் மேல் வயதையும் சேர்த்து எழுதுவார்கள். ‘3 முதல் 7 வரை, 40 நிமிடம்’ என்று பார்த்தால் அவர்களுக்கு வேலை தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘சிறியோரும் பெரியோரும் ரசிக்கும்’ என்ற மாதிரி வாசகம் வந்தால் சந்தேகப்படுங்கள்: பெரியவர்களுக்கு எழுதியதில் ஒரு பொம்மையைச் சேர்த்திருப்பார்கள். நேரம் குறிப்பிடாத நிகழ்ச்சி எங்கள் பட்டியலில் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும்.

சந்தேகம் தீர இன்னொரு வழி இந்த ஊரிலேயே இருக்கிறது. விழா நாட்களில் நடிகர்களே தெருவில் நின்று நோட்டீஸ் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு நகராதீர்கள், மூன்று கேள்வி கேளுங்கள். துப்பாக்கிச் சத்தம், புகை, பளிச் பளிச்சென்று வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கு உண்டா? பிள்ளை அழுதால் வெளியே போய்த் திரும்ப விடுவார்களா? நேற்று உண்மையில் எத்தனை நிமிடம் ஓடியது? பதிலைவிட முக்கியம் அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது. பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, அதன் கண்ணைப் பார்த்து நோட்டீஸை நீட்டுகிறவர் மேடையிலும் பிள்ளைகளைக் கவனிப்பவராக இருப்பார். உங்கள் தலைக்கு மேலே பார்த்து மனப்பாடமாக ஒப்பிப்பவரின் நாடகத்தை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு வேண்டாம்.

வயதைப் பொறுத்துச் சொன்னால், மூன்றுக்குக் கீழே அவர்களுக்கென்றே செய்த சிறு நிகழ்ச்சி மட்டும்தான் செல்லும்: 25 முதல் 35 நிமிடம், பாயில் உட்கார்ந்து பார்ப்பது, வெளிச்சம் முழுதாக அணையாதது, முடிந்ததும் பொம்மையைத் தொட விடுவது. தென்னாப்பிரிக்காவில் இந்த வகைக்குக் கேப் டவுனின் மேக்னட் தியேட்டரும், பிள்ளைகள் நாடகத்துக்கான உலக அமைப்பின் உள்நாட்டுக் கிளையான அசிட்டேஜ் சௌத் ஆஃப்ரிகாவும் நெடுநாள் உழைத்திருக்கின்றன. அசிட்டேஜின் உலக மாநாடு 2017இல் கேப் டவுனில் நடந்தது, ஆப்பிரிக்கக் கண்டத்தில் அதுவே முதல் முறை. நிரலில் இவர்களோடு தொடர்புள்ள நிகழ்ச்சி கண்ணில் பட்டால் முதலில் அதற்கே இடம் பிடியுங்கள். இவ்வகை நிகழ்ச்சிகளில் இடம் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பொம்மலாட்டமும் கோமாளியும். பொம்மையின் அளவை நோட்டீஸ் படத்தில் பாருங்கள். கையுறைப் பொம்மை ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் வெறும் துணித் துண்டாகத்தான் தெரியும், பெரிய மண்டபத்தில் அதைப் போட்டால் பாதிப் பிள்ளைகள் ஆட்டுவிக்கிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கோமாளியில் இரண்டு வகை. தடுக்கி விழுந்து எழுகிறவன் எல்லாருக்கும் பிடிக்கும். கூட்டத்துக்குள் இறங்கி மூக்கைப் பிடிக்கிறவன் நாலு வயதுக்குக் கீழே அழவைப்பான்.

ஆறு வயதுக்கு மேல் வழி அகலமாகத் திறக்கிறது. பேச்சில்லாமல் உடம்பால் சொல்லும் நாடகம் இந்த வயதுக்கு மிக நல்ல தேர்வு. வீட்டில் இங்கிலீஷும், ஆயாவோடு கொஞ்சம் தமிழும், பள்ளியில் ஸூலுவுமாக வளர்கிற பிள்ளைக்கு மேடையில் திடீரென்று கோசா மொழி வந்தாலும் உறுத்தாது. மொழி கலந்த நாடகத்தை வேண்டாம் என்று தள்ளாதீர்கள், அங்கே தடுமாறுவது பெரும்பாலும் பெரியவர்கள். மாயாஜாலம் ஏழு வயதுக்கு அற்புதம், ஐந்து வயதுக்கு வீண்: எது நடக்க முடியாதது என்று தெரிந்தால்தானே அது நடக்கும்போது வாய் பிளக்கும். மேடைக்கு ஆள் கூப்பிடுவதும் ஒரு சிக்கல். நாற்பது கைகள் உயரும், மூன்று பிள்ளைகள் மேலே போவார்கள். ‘கூப்பிட்டாலும் கூப்பிடுவார், கூப்பிடாமலும் போவார்’ என்று வாசலிலேயே சொல்லிவையுங்கள். நடன நிகழ்ச்சியில் இரண்டு மூன்று குறும்படைப்புகள் இடைவேளையோடு வந்தால் நல்லது, முதலாவதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்பலாம்.

மணிக்கு வருவோம். காலை 10, 11 மணிக் காட்சியே எடுங்கள். மதியம் தூங்கும் வயதென்றால் அன்றைக்கு அது ஒன்றோடு சரி. தூங்காத வயதென்றால் இரண்டு மணிக்கு இன்னொன்று. ஒரு நாளில் மூன்று என்று திட்டம் போடுகிறவர்கள் மூன்றாவதற்குப் பணம் கொடுத்துப் பிள்ளையை அழவைக்கிறார்கள். ஜூன் கடைசியில் மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும், குளிர் அப்போதே தொடங்கும். டர்பன் குளிரை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பகலில் ஸ்வெட்டரைக் கழற்றவைக்கும் வெயில், இரவில் ஐந்து டிகிரிக்கும் கீழே போகலாம். மண்டபங்களில் பாதி பள்ளிக்கூடக் கூடங்கள், சூடேற்றி இருக்காது. வெளியே வெயில் அடிக்கும்போதுகூட உள்ளே கால் சில்லிடும். ஆளுக்கு ஒரு கம்பளித் துண்டு, பிள்ளைக்கு இரண்டு ஜோடி காலுறை.

மண்டபங்களில் பெரியது, ஊருக்கு மேலே கன்ஃபயர் குன்றில் நிற்கும் 1820 செட்டிலர்ஸ் மான்யுமென்ட். 1994இல் தீப்பிடித்து, பழுதுபார்த்து, 1996இல் மண்டேலா திறந்துவைத்த கட்டடம். உள்ளே இருக்கும் ‘கை பட்லர்’ தியேட்டரில் இருக்கை வசதி, மேடை, ஒலி எல்லாமே ஒழுங்கு. ஆனால் பிள்ளைக்கு முன்னால் உயரமான ஆள் உட்கார்ந்துவிட்டால் காட்சி முடிந்தது. பெரியவர் கோட்டை நாலாக மடித்து அடியில் வைத்தால் கொஞ்சம் உயரம் கிடைக்கும். மடியில் வைத்துக்கொள்வது பத்து நிமிடத்துக்கு மேல் இருவருக்கும் ஆகாது. மாடி முன்வரிசை நல்லதென்று தோன்றும், கைப்பிடிச் சுவர் சரியாகப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு வரும்.

ஃபிரிஞ்ச் மண்டபங்களில் படிப்படியாக உயரும் தற்காலிக மேடை இருக்கைகள் போட்டிருப்பார்கள். பார்வை மறைக்காது, அது நல்லது. படிகளுக்கு நடுவில் திறந்த இடைவெளி இருக்கும், அது கெட்டது: சின்னக் கார், பால் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாம் அதன் வழியாக அடியில் இருட்டுக்குள் போகும், காட்சி முடிந்துதான் எடுக்க முடியும். பிள்ளையின் கால் நடுவே தொங்கும், குதிகாலால் பலகையை உதைத்தால் மண்டபம் முழுக்க டும் டும் என்று கேட்கும். காலணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால் அந்த வம்பு இல்லை. இடங்களுக்கு எண் இல்லாத மண்டபங்களில் இருபது நிமிடம் முன்னால் வரிசையில் நில்லுங்கள். மூன்றாவது நாலாவது வரிசை, வழியோரம், வெளியே போகும் கதவின் பக்கம். அதுதான் குடும்பத்துக்கான இடம். முதல் வரிசையில் பார்வை நன்றாக இருக்கும், கோமாளியின் கைக்கும் எட்டும்.

பிள்ளை அழுவது பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே. விளக்கு அணைந்து, மேடை விளக்கு வரும்வரை உள்ள ஐந்து பத்து நொடி. கை உங்கள் சட்டையைப் பிடிக்கும், மூச்சு நிற்கும், அப்புறம்தான் சத்தம் வரும். அந்த மூச்சு நிற்கும் கணத்துக்கு முன்பே காதில் சொல்லியிருக்க வேண்டும்: ‘கண்ணு, இப்ப விளக்கு அணையும். பத்து எண்ணு, திரும்ப வந்துரும்.’ எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளை அழாது. புகை இயந்திரம் பாம்பு மாதிரிச் சீறும், அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இசைக்கு ஒலிபெருக்கி வைத்த நிகழ்ச்சி என்றால் காதுமூடி வேண்டும், குல்லா போதாது.

டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுக்கலாம். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் எடுத்துவிட்டு மீதியை அங்கே போய் எடுப்பது எங்கள் பரிந்துரை. காற்றில் பேச்சு பரவும், நல்ல பிள்ளை நாடகம் எது என்று இரண்டாம் நாளே எல்லா வரிசையிலும் தெரிந்துவிடும். ஸ்டாண்டர்ட் பேங்க் ஓவேஷன் விருது ஃபிரிஞ்ச் நிகழ்ச்சிகளுக்குத் தருவது, அது தரத்துக்குச் சான்று, பிள்ளைக்குப் பொருந்தும் என்பதற்கு அல்ல. மடிப்பிள்ளைக்கும் டிக்கெட் வேண்டுமா என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள், குழுவுக்குக் குழு வேறுபடும். மண்டபத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் மேடும் பள்ளமும். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் பிள்ளையோடு அரை மணி வையுங்கள். மான்யுமென்ட் குன்றுக்குத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுவது தண்டனை, காரில் போங்கள்.

இடைப்பட்ட நேரத்துக்கு வில்லேஜ் கிரீன் கைவினைச் சந்தை இருக்கிறது. கூட்டம், தூசி, எல்லாக் கடையிலும் ‘வேணும்’ என்ற அழுகை. நாங்கள் அதைவிட பாத்தர்ஸ்ட் தெருவின் அப்சர்வேட்டரி மியூசியத்தைச் சொல்வோம். அதன் உச்சியில் விக்டோரியா காலத்துக் கேமரா அப்ஸ்க்யூரா இருக்கிறது. குறுகலான படி ஏறி இருட்டறைக்குள் நின்றால், நடுவில் உள்ள வெள்ளை வட்ட மேசையில் வெளியே இருக்கும் ஊர் அப்படியே விழும். கண்ணாடியைத் திருப்பத் திருப்ப ஊரும் சுற்றும். தெருவில் போகும் கார் மேசையில் எறும்பு மாதிரி ஊரும், பிள்ளைகள் விரலால் அதைத் தொடப் பார்ப்பார்கள். பாதி நாடகங்கள் செய்யாத வேலையை அந்த மேசை செய்துவிடும். திறக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: போரவோர்ஸ் ரோல், அதாவது ரொட்டிக்குள் வைத்த சாசேஜ், எல்லா மூலையிலும் கிடைக்கும், அதில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும். மாடு சாப்பிடாத வீடு என்றால் பேன்கேக், வெட்கூக் என்ற பொரித்த மாவுருண்டை, உருளைக்கிழங்கு என்று பார்த்து வாங்குங்கள். கையில் ரொட்டியும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு போவது எல்லாவற்றையும்விட நல்லது. மண்டபத்துக்குள் மொறுமொறு பாக்கெட் வேண்டாம்.

தண்ணீர்தான் இந்த ஊரின் பெரிய குறை. குழாயில் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. 2019இல் நிலைமை முற்றியபோது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்த கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் நிவாரண அமைப்பு வந்து ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கொடுத்தது. தங்குமிடம் பிடிக்கும்போது தொட்டி உண்டா என்று கேளுங்கள். பால் கலக்கவும் பல் தேய்க்கவும் தனியாக ஐந்து லிட்டர் கேன், ஈரத்துணி ஒரு பெரிய பாக்கெட். மண்டபத்தின் கழிப்பறையை நம்பாதீர்கள், கிளம்பும் முன் தங்குமிடத்திலேயே பிள்ளையை அனுப்பிவிடுங்கள்.

டர்பனிலிருந்து சாலை வழி என்-2, கோக்ஸ்டட், உம்தாத்தா, ஈஸ்ட் லண்டன் வழியாக 800 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் பிள்ளையோடு ஓட்டாதீர்கள். உம்தாத்தா பக்கம் ஆடு மாடு சாலையில் நிற்கும், இருட்டியபின் வண்டி ஓட்டவே கூடாது. ஈஸ்ட் லண்டனில் ஓர் இரவு தங்கினால் மறுநாள் மதியத்துக்குள் வந்துவிடலாம். விமானம் என்றால் கெபேர்ஹாவில், பழைய போர்ட் எலிசபெத்தில் இறங்கி, வாடகைக் காரில் சுமார் 130 கிலோமீட்டர். இந்த வழியில் அட்டோ யானைப் பூங்காவும் எட்டும் தூரம். மூன்று நாள் நாடகம், நடுவில் ஒரு நாள் யானை என்று வைத்தால் பிள்ளை நாலாவது நாளும் மண்டபத்துக்குள் வரச் சம்மதிக்கும்.

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் பாதியில் எழுந்து போக நேரும். அழ ஆரம்பித்தபின் சமாதானம் செய்ய உட்காராதீர்கள், முதல் சிணுங்கலிலேயே பையை எடுங்கள், மேடைக்கு முன்னால் குனிந்து போகாமல் சுவரோரமாகப் போங்கள். இருவர் வந்திருந்தால் யார் வெளியே போவது என்று உள்ளே நுழையும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் இருட்டில் கணவன் மனைவி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும்.

இவ்வளவு தூரம் இந்த ஆண்டு வேண்டாம் என்றால், பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே ஹில்டன் ஆர்ட்ஸ் ஃபெஸ்டிவல் இருக்கிறது. ஹில்டன் கல்லூரி வளாகத்துக்குள் எல்லா மண்டபமும், புல்வெளி, நிழல், டர்பனிலிருந்து காரில் ஒன்றரை மணிக்குள். பிள்ளை சோர்ந்தால் புல்லில் விட்டுவிடலாம், அந்த ஒரு வசதி மக்காண்டாவில் கிடைக்காது. நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு, பிள்ளைகளுக்கானது அதிலும் குறைவு. அண்மை ஆண்டுகளில் ஆகஸ்டில் வருகிறது, அதாவது ஆடி மாதத்தின் மேல். ஞாயிறு காலை மாரியம்மன் கஞ்சிக்குக் கோயிலில் நிற்க வேண்டிய வீடு என்றால் டிக்கெட்டைச் சனிக்கிழமைக்கே எடுங்கள்.